வேடிக்கை பார்க்க வந்த கைகளுக்கு ஒரு வேலை

(ஆதரவாளர்களின் ஆண்டுக் கூடுகையில், மருத்துவமனையின் மறுவாழ்வுப் பட்டறை ஊழியர்கள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நாங்கள் மேடையில் நின்று பழக்கப்பட்டவர்கள் அல்ல. உளியும் அரமும் ரப்பர் தகடும்தான் எங்களுக்குப் பழக்கம். ஆகவே சொல்லில் ஏதேனும் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

வருடந்தோறும் நடக்கும் விற்பனை நாளுக்குப் பதிலாக, இம்முறை ஒரு செய்முறைத் திருநாளை நடத்தலாம் என்று நாங்கள் நிர்வாகத்தைக் கேட்டுக்கொண்டோம். அந்தச் செய்தி சென்ற இதழில் வந்ததும் உங்களில் பலர் கடிதம் எழுதினீர்கள். பாராட்டி எழுதியவர்களுக்கு நன்றி. கேள்வி கேட்டு எழுதியவர்களுக்கு அதைவிட அதிக நன்றி. ஒரு கடிதத்தில், "விற்பனையால் வரும் பணத்தை விட்டுவிடுவது புத்தியா?" என்று கேட்டிருந்தார்கள். இன்னொரு அம்மா, "எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே கண் தெரிவதில்லை. நான் வந்து எதைச் செய்வேன்?" என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது கடிதம்தான் எங்களை உட்கார வைத்தது. "உங்கள் நோயாளிகளை மேசைக்கு முன் உட்கார வைத்து ஊரார் பார்க்கும்படி செய்வது அவர்களைக் காட்சிப்பொருளாக்குவது ஆகாதா?" என்று ஒரு பெரியவர் கேட்டிருந்தார். இது நியாயமான பயம். இந்த உரையே அநேகமாக அவருக்கான பதில்தான்.

பொருட்காட்சி என்றால் நம் எல்லோருக்கும் தெரியும். சென்னைத் தீவுத்திடலில் குடும்பத்தோடு போய் டில்லி அப்பளம் தின்று, ராட்டினம் சுற்றி, அரசுத் துறை அரங்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பொருள், இந்தப் பக்கம் நாம். "தொடாதீர்கள்" என்று ஓர் அட்டை. நம் சபைகளின் அறுப்பின் பண்டிகை இதைவிட ஒரு படி மேல். ஒரு வீட்டுப் பூசணிக்காய் அங்கே ஏலத்தில் சந்தை விலையைப் போல் பல மடங்குக்குப் போகும். அதிரசம், முறுக்கு, குரோஷே பின்னல், பனையோலைப் பெட்டி எல்லாம் யாரோ கையால் செய்து கொண்டுவந்தவை. ஆனாலும் அங்கேயும் செய்தவர் மேசைக்கு அந்தப் பக்கம், வாங்குகிறவர் இந்தப் பக்கம். நம் விற்பனை நாளும் அப்படித்தான் நடந்து வந்தது.

இந்த மேசையைத் திருப்பிப் போட்ட ஒரு முயற்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் டேல் டௌகர்ட்டி என்பவர் 2005-ஆம் ஆண்டில் 'மேக்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். வீட்டுக் கொட்டகையில் தாங்களாகவே எதையாவது செய்துபார்க்கிறவர்களுக்கான பத்திரிகை அது. அடுத்த ஆண்டு, 2006 ஏப்ரலில், கலிபோர்னியாவில் சான் மடேயோ என்னும் ஊரின் பொருட்காட்சித் திடலில் அந்த வாசகர்களை ஒன்றுகூட்டி 'மேக்கர் ஃபேர்' என்று பெயரிட்டார்கள். வந்தவர்கள் செய்த பொருளை மட்டும் கொண்டுவரவில்லை, செய்யும் விதத்தையும் கொண்டுவந்தார்கள். பொருளைத் திறந்து காட்டினார்கள். எந்த இடத்தில் சொதப்பிற்று என்பதையும் சொன்னார்கள். பார்க்க வந்தவர்களுக்கென்று பெரிய மேசைகள் போட்டு, அவர்கள் கையிலேயே கருவியைக் கொடுத்தார்கள். பின் வந்த ஆண்டுகளில் சால்டரிங் கற்றுக்கொள்ளும் மேசைக்கு எப்போதும் கூட்டம். ஐந்தாறு வயதுப் பிள்ளையும் அதன் பாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கண் சிமிட்டும் சிறு விளக்கு வைத்த ஒரு சட்டைப் பின்னைத் தாங்களே பற்றவைத்து, அதைச் சட்டையில் குத்திக்கொண்டு வெளியே வருவார்கள்.

2014 ஜூன் மாதம் இந்தச் சந்தை அமெரிக்க வெள்ளை மாளிகையின் புல்வெளிவரைக்கும் போயிற்று. எல்லாம் ஏறுமுகமாகவே இருந்தது என்று சொல்வதற்கில்லை. அதை நடத்திய நிறுவனம் 2019 ஜூனில் பணமில்லாமல் வேலையை நிறுத்தியது. டௌகர்ட்டி அதைச் சிறிய அளவில் மறுபடியும் எடுத்து நிறுத்தினார். 2023-இல் கலிபோர்னியாவின் பழைய கடற்படைக் கப்பல் கட்டும் தளமான மேர் தீவில் சந்தை மீண்டும் கூடியது. நாங்கள் இதில் கவனித்த காரியம் வேறு. பெரிய சந்தை படுத்துக்கிடந்த காலத்திலும், ஊர் நூலகமும் பள்ளிக்கூடமும் நடத்திய சிறு சந்தைகள் பல இடங்களில் நடந்துகொண்டேயிருந்தன. அவற்றுக்குப் பெரிய செலவில்லை. மேசை, நாற்காலி, கருவி, தேநீர் போதும். (தேநீரை நாங்கள் விளையாட்டாகச் சொல்லவில்லை. தேநீர் இல்லாத இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் யாரும் உட்காருவதில்லை.)

ஐரோப்பாவில் இதே எண்ணம் பழுது பார்ப்பதன் வழியாக வந்தது. 2009 அக்டோபர் 18 அன்று ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி முதல் 'ரிப்பேர் கஃபே'யைக் கூட்டினார். இப்போது உலகெங்கும் ஆயிரக்கணக்கில் நடக்கின்றன. பெங்களூரில் 2015-இல் தொடங்கினார்கள். அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. கெட்டுப்போன மிக்சியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று போக முடியாது. கொண்டுவந்தவரே பக்கத்தில் உட்கார்ந்து, திருப்புளியைப் பிடித்து, தன் பொருளைத் தானே திறக்கவேண்டும். தெரிந்தவர் வழிகாட்டுவார். ரிப்பேர் கடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த வழக்கத்தில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் மும்பையில் நடந்த ஒன்று எங்களுக்கு மிகவும் பிடிக்கும். 2013-இல் ஓர் அலுவலகத்தின் மேற்கூரை இடிந்து விழுந்து மேசை நாற்காலிகள் நொறுங்கின. அங்கே வேலை செய்த வைபவ் சாப்ரா என்ற இளைஞர், புது மேசை வாங்குவதற்குப் பதிலாக, "வாருங்கள், சேர்ந்து செய்வோம்" என்று அறிந்தவர் அறியாதவர் எல்லோரையும் கூப்பிட்டார். வந்தவர்கள் மேசை செய்துமுடித்த பிறகும் போகவில்லை. அப்படித்தான் 'மேக்கர்ஸ் அசைலம்' என்ற பொதுப் பட்டறை பிறந்தது. 2020-இல் கொரோனா காலத்தில் மருத்துவமனைகளில் முகக் கவசம் கிடைக்காமல் தவித்தபோது, இவர்கள் ஒரு மாதிரியை வெளியிட்டு, நாட்டின் பல ஊர்களிலுள்ள பட்டறைகளைச் சேர்த்துக்கொண்டு, 49 நாட்களில் 10 லட்சம் கவசங்களைச் செய்தார்கள். ஏழு ஆண்டுகளாக மேசையும் நாற்காலியும் பொம்மையும் செய்து பழகிய கைகள் என்பதால்தான் ஒரு வாரத்துக்குள் அந்த வேலைக்குத் திரும்ப முடிந்தது.

இனி எங்கள் தொழிலுக்கு நெருங்கிய ஒரு சம்பவத்துக்கு வருகிறோம்.

2011-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஐவன் ஓவன் என்பவர் ஒரு வேடிக்கைக் கூடுகைக்காகப் பெரிய இயந்திரக் கை ஒன்றைச் செய்தார். நம்மூர்ப் பொம்மலாட்டக்காரர் நூலை இழுப்பதுபோல், உள்ளே கையை அசைத்தால் வெளியே ராட்சத விரல்கள் மடங்கும். பயன் எதுவும் இல்லை, விளையாட்டுத்தான். அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார். தென்னாப்பிரிக்காவின் ஜோகனஸ்பர்க் அருகே ரிச்சர்ட் வான் ஆஸ் என்ற தச்சர் இருந்தார். அதே ஆண்டில் மேசை ரம்பத்தில் அவர் வலக்கை விரல்கள் போயின. தச்சருக்கு விரல் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. செயற்கை விரலின் விலையைக் கேட்டு மலைத்துப்போன அவர், இந்தப் படத்தைப் பார்த்து ஓவனுக்கு எழுதினார். பத்தாயிரம் மைலுக்கு அப்பாலும் இப்பாலும் இருந்துகொண்டு இருவரும் சேர்ந்து விரல் செய்யத் தொடங்கினார்கள். தச்சர் தமக்காகத் தாமே செய்துபார்த்தார். பொருந்தாத இடத்தை அவருடைய கையே சொல்லிற்று.

அதைக் கேள்விப்பட்ட ஒரு தாய், பிறவியிலேயே வலக்கை விரல்கள் இல்லாத தம் ஐந்து வயது மகனுக்கு உதவ முடியுமா என்று கேட்டார். அவனுக்காக ஒரு கை செய்தார்கள். பின்பு முப்பரிமாண அச்சுப்பொறி இரண்டு அவர்களுக்கு நன்கொடையாகக் கிடைத்தது. 2013 ஜனவரியில், அந்தக் கையின் வரைபடத்துக்கு எந்த உரிமையும் கோராமல் எல்லோருக்குமாக வெளியிட்டுவிட்டார்கள். அந்த ஆண்டிலேயே ஜான் ஷல் என்ற பேராசிரியர், அச்சுப்பொறி வைத்திருக்கிறவர்களையும் கை தேவைப்படுகிறவர்களையும் ஒரே வரைபடத்தில் குறித்துச் சேர்த்துவைத்தார். 'இ-நேபிள்' என்ற தொண்டர் கூட்டம் அப்படி உருவாயிற்று. பொருட்செலவு சுமார் 50 டாலர். மணிக்கட்டை மடக்கினால் நூல் இழுத்து விரல்கள் மூடும். நிமிர்த்தினால் ரப்பர் இழுத்துத் திறக்கும். மணிக்கட்டு நன்றாக அசைகிறவர்களுக்கு மட்டும்தான் இது உதவும், பிடியும் வலுவானதல்ல என்பதையும் நாங்கள் சொல்லிவிட வேண்டும். படத்தில் பார்த்துவிட்டு, இதைச் செய்து தரும்படி எங்களிடம் வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்கிறோம்.

பள்ளி மாணவர்களும் சாரணர்களும் நூலகங்களில் கூடி நாள் முழுக்க இந்தக் கைகளைப் பொருத்தித் தரும் சந்தைகள் நடந்தன. பார்க்க மிக அழகான காட்சி. ஆனால் எங்களைப் போன்ற தொழிலில் உள்ளவர்களுக்கு அங்கே ஒரு நெருடல் உண்டு. செயற்கைக் கை பெறுகிறவர்களில் பலர் சில காலத்துக்குப் பின் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள் என்பது இந்தத் துறையில் தெரிந்த உண்மை. ஒரு கையை இழந்தவர் மற்றக் கையால் எல்லாவற்றையும் பழகிவிடுகிறார். வேர்க்கிறது, உராய்கிறது, கனக்கிறது, பொருளை உணரமுடிவதில்லை. நூறு பேர் மகிழ்ச்சியோடு ஒரு பொருளைச் செய்யலாம், அது ஒருவருக்கும் உதவாமலும் போகலாம். செய்தவருக்குக் கிடைத்த சந்தோஷத்தைப் பெற்றவருக்குக் கிடைத்த பயனாக எண்ணிக்கொள்வது எளிது. 2014 செப்டம்பரில் பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இந்தத் தொண்டர்களும் மருத்துவர்களும் செயற்கை உறுப்பு வல்லுநர்களும் ஒன்றாகக் கூடியபோது இரு பக்கமும் பேச வேண்டியது நிறைய இருந்தது.

அலமாரிக்குப் போகாத கைகளும் உண்டு. பிள்ளையே நிறத்தைத் தெரிந்தெடுத்து, நூலைக் கோர்த்து, திருகாணியை முறுக்கித் தானே பொருத்திக்கொண்டால், கழன்று விழுந்தாலும் அதைத் திரும்பச் சேர்க்க அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அப்படிப்பட்ட மேசையில் உதவி பெறுகிறவர் என்று தனியாக ஒருவர் இல்லை.

சக்கர நாற்காலியிலும் இப்படித்தான். ரால்ஃப் ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்கர் கல்லூரி மாணவராயிருந்தபோது 1966-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் நடக்கும் திறனை இழந்தார். பொறியியல் தெரிந்தவர். 1980-இல் நிகராகுவா நாட்டுக்குப் போனபோது, நான்கு வாலிபர்கள் ஒரே சக்கர நாற்காலியை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, தாங்களே பழுதுபார்த்து ஓட்டிக்கொண்டிருந்ததைக் கண்டார். அவர்களுக்கு நாற்காலி தானம் கொடுத்துவிட்டு அவர் திரும்பிவிடவில்லை. அவர்களோடு உட்கார்ந்து, உள்ளூர்க் குழாயையும் சைக்கிள் சக்கரத்தையும் கொண்டு புதிய நாற்காலியை வடிவமைத்தார். அந்த வேலை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. கல்லிலும் மணலிலும் சிக்காத அகலமான முன் சக்கரம் ஒன்று ஜிம்பாப்வே நாட்டுப் பட்டறையில் உருவாயிற்று. அந்த நாட்டின் பெயரால்தான் இன்றும் அதை அழைக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமில்லை. வேலூரில் நடந்ததை உங்களில் பெரியவர்கள் அறிவீர்கள். இளையவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்லுகிறோம்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிப்பதற்கு முன் லண்டனில் சில ஆண்டுகள் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றார். 1946-இல் வேலூருக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேன் நடத்திய தொழுநோய் இல்லத்தைப் பார்த்தபின், மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் வேலையில் இறங்கினார். விரல்கள் நிமிர்ந்தன. ஆனால் நிமிர்ந்த விரல்களோடு ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். வேலை தருவார் இல்லை. மடங்கிய கையைப் பார்த்துப் போட்ட பிச்சையும் நிமிர்ந்த கையைப் பார்த்துப் போடப்படவில்லை. கையைக் கொடுத்தார்கள், அந்தக் கைக்கு வேலை கொடுக்கவில்லை.

அதனால் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மண் குடிசைகளும் ஒரு பட்டறையும் கட்டப்பட்டன. 'நவ ஜீவ நிலையம்' என்று பெயர். அறுவை சிகிச்சை முடிந்த வாலிபர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்று, மரப் பொம்மைகளைச் செய்தார்கள். தச்சு தெரிந்த மருத்துவர் அவர்களோடு கூட நின்று வேலை செய்தார்.

அந்தக் காலத்தில் தொழுநோயாளியின் விரல்கள் அந்த நோயினாலேயே அழுகிக் குறைந்துபோகின்றன என்றுதான் மருத்துவர்களும் நம்பியிருந்தார்கள். பட்டறையில் அந்த நம்பிக்கை உடைந்தது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் கையையும் பார்த்தார்கள். புதுப் புண் எங்கே வந்தாலும் அது எப்படி வந்தது என்று விடாமல் தேடினார்கள். சுத்தியல் பிடியில் ஒரு சிலாம்பு, அதிக இறுக்கத்தோடு பிடித்த உளி, சூடான பாத்திரம். ஏறக்குறைய ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு காரணம் அகப்பட்டது. சதை கெட்டதல்ல, வலி தெரியாததுதான் கேடு. துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் மருத்துவர் திணறியபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே முறுக்கில் திறந்துவிட்டான். அவன் விரலோ எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. இதையும் டாக்டர் பிராண்டே எழுதியிருக்கிறார். இந்த அறிவிலிருந்துதான் உணர்ச்சியற்ற பாதங்களுக்கான காலணிகளும், கைகளைக் காக்கும் முறைகளும் வந்தன. இன்று சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களும் அதே அறிவினால் கால் இழக்காமல் தப்புகிறார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களிலும் சிலர் அந்தச் செருப்பைப் போட்டிருக்கிறீர்கள் என்று நாங்கள் கண்டுகொண்டோம்.

அந்தக் கண்டுபிடிப்பில் அந்த வாலிபர்களுக்கும் பங்கு உண்டு. புண் வந்தால் மறைக்காமல் காட்டி, எப்படி வந்தது என்று யோசித்துச் சொன்னவர்கள் அவர்கள். வேலை செய்யாமல் கட்டிலில் படுத்திருந்தால் அந்த உண்மை இன்னும் பல காலம் வெளிப்பட்டிருக்காது.

கடிதம் எழுதிய பெரியவருக்கு இப்போது நேராகப் பதில் சொல்லலாம். காட்சிப்பொருள் ஆகிவிடுவார்களோ என்று கேட்டீர்கள். விற்பனை நாளில்தான், ஐயா, அந்த ஆபத்து அதிகம். மேசைக்குப் பின்னால் வரிசையாக அவர்களை நிறுத்தி, "இவர்கள் கையால் செய்தது" என்று அட்டை எழுதிவைக்கிறோம். வாங்குகிறவர் பொருளை ஒருமுறை பார்க்கிறார், கையை இரண்டுமுறை பார்க்கிறார்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை பட்டறைத் தாழ்வாரத்தில் சிறிய அளவில் இதை நடத்திப் பார்த்தோம். உணர்ச்சியற்ற பாதத்துக்கான செருப்பு செய்வதுதான் வேலை. வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற, பல வருடங்களாக நம்மைத் தாங்கிவரும் ஒருவர் வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் பட்டறையில் எட்டு வருடமாக வேலை செய்யும் ஓர் அம்மா. இரு கைகளிலும் உணர்ச்சி கிடையாது. நுண்துளை ரப்பர் தகட்டை வளைவாக வெட்டுவது எப்படி, ஆணி அடிக்காமல் பசையாலும் தையலாலும் வாரைப் பிடிக்க வைப்பது எப்படி என்று அந்த அம்மா சொல்லிக்கொடுத்தார்கள். ஆணி ஏன் கூடாது என்று அவர் கேட்டார். "குத்தினா எனக்குத் தெரியாதே, ஐயா" என்றார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கத்தியை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்டினார். அரை மணி கழித்து அந்த அம்மா, "கையைக் காட்டுங்க" என்றார்கள். அவருடைய உள்ளங்கையில் கத்திப் பிடி பதிந்த இடம் சிவந்து கிடந்தது. "இவ்வளவு இறுக்கம் வேண்டாம். உங்களுக்கு வலிக்குது, சொல்ல மாட்டேங்கறீங்க. எனக்கு வலிக்கிறதே இல்ல. அதான் நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்" என்று சொல்லி, ஒரு துண்டு சைக்கிள் டியூபைப் பிடியில் சுற்றிக் கொடுத்தார்கள். அந்த நாளில் அவர் ஒற்றைச் செருப்புதான் முடித்தார். மற்றதை முடிக்க அடுத்த சனிக்கிழமை வந்தார். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வந்தார், யாரும் அழைக்காமலே.

அன்று கற்றுக்கொண்ட சிலவற்றை இந்தத் திருநாளில் வழக்கமாக்கியிருக்கிறோம். அரை மணிக்கு ஒருமுறை மணி அடிப்போம். மேசையிலுள்ள எல்லோரும், மருத்துவரானாலும் சரி, பிஷப் ஐயா ஆனாலும் சரி, கருவியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்திலிருப்பவரிடம் இரு கைகளையும் காட்டவேண்டும். சிவப்போ கீறலோ கண்டால் பிடியை மாற்றுகிறோம், அல்லது வேலையை மாற்றுகிறோம். எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் ஒருவரைத் தனியாகப் பார்க்கவேண்டியதில்லை. எல்லாக் கருவிகளின் பிடிகளையும் ரப்பர் சுற்றித் தடிப்பாக்கியிருக்கிறோம். அழுத்தம் பரவலாக விழும், வயதானவர்களின் விரலுக்கும் அதுவே சுகம். சூட்டுப் பசைத் துப்பாக்கியும் சால்டரிங்கும் அந்த மேசைகளில் கிடையாது. ஃபெவிகாலும் நூலும்தான். தேநீரை எவர்சில்வர் டம்ளரில் தராமல் பிடி வைத்த பிளாஸ்டிக் கோப்பையில் தருவோம். சூடான டம்ளரைப் பிடித்து விரல் வெந்து வந்தவர்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறோம். அன்று வசூல் குறையும். செருப்பும் பொம்மையும் வழக்கம்போல் வருடம் முழுக்கப் பட்டறை முகப்பில் விற்பனைக்கு இருக்கும். ஆனால் அன்று ஒருநாள் விலை அட்டை எங்கேயும் இராது. இதை ஈடுகட்டத் தனியாகக் காணிக்கை கேட்கவேண்டாம் என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அதற்கு அவர்கள் ஒருவரோடொருவர் விவாதித்தது எங்களுக்குத் தெரியும், ஆகவே கூடுதல் நன்றி.

ஊசியில் நூல் கோர்க்க முடியாத அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. கோர்த்த ஊசிகளைத் தயாராக வைத்திருப்போம். ஆனாலும் நீங்கள் ஊசி மேசைக்கு வரவேண்டாம். உங்கள் கடிதத்தில் சிறுவயதில் ஓலைப்பெட்டி முடைந்ததாக எழுதியிருந்தீர்கள். எங்கள் பட்டறையில் அது தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பனையோலை மேசைக்கு நீங்கள்தான் ஆசிரியை. ஓலையை முந்தின நாளே நனைத்து வைக்கவேண்டுமா, அன்று காலையில் நனைத்தால் போதுமா என்பதை மட்டும் ஒரு கார்டில் எழுதிப்போடுங்கள்.

மற்றவர்கள் வீட்டில் உடைந்து கிடக்கும் ஏதாவது ஒன்றைக் கொண்டுவாருங்கள். கம்பி வளைந்த குடை, கால் ஆடும் முக்காலி, பின்னல் தளர்ந்த நாற்காலி, தையல் விட்ட பை எதுவானாலும் சரி. மின்சாரப் பொருள் வேண்டாம், அதற்கு எங்களிடம் ஆள் போதாது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அழைத்து வரலாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்காரவேண்டும். காலை ஒன்பது மணிக்கு மேசைகள் தயாராயிருக்கும். மேசைக்கு எட்டுப் பேர் என்பதால் முன்னதாகவே பெயர் கொடுத்துவிடுங்கள். கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் தயவுசெய்து அதை மறக்காமல் எடுத்துவாருங்கள். சென்ற முறை மூன்று பேர் ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.